செய்தியாளரின் திடீர் மரணமும் தீராத சந்தேகமும்: மேக்நகர் விட்டுச்சென்ற கேள்விகள்

புதுடெல்லி: மத்தியப் பிரதேச மாநிலம் ஜாபுவா மாவட்டத்தில் உள்ள சிறு நகரம் மேக்நகர். 2015 ஜூலை 4 அன்று அங்குள்ள ஒரு வீட்டில் பேட்டியை முடித்துக்கொண்டு ஆவணங்களின் நகலுக்காகக் காத்திருந்த தொலைக்காட்சிப் புலனாய்வுச் செய்தியாளர் அக்ஷய் சிங், வாயில் நுரை தள்ளிய நிலையில் சரிந்து விழுந்தார். சில மணி நேரத்தில் அவர் உயிரிழந்தார். நாற்பது வயதை எட்டாதவர். வியாபம் தேர்வு முறைகேட்டைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்றவர்.

அவருடைய உடலில் விஷம் இருந்ததற்கான சான்று இல்லை என்றும், மரணம் இயற்கையானது என்றும் பின்னர் மருத்துவ வல்லுநர்கள் கருத்துத் தெரிவித்தனர். வழக்கை ஏற்ற சிபிஐயின் முடிவும் அதையொட்டியே அமைந்தது. ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயர் பேசப்படும் இடங்களிலெல்லாம் "மர்ம மரணம்" என்ற அடைமொழி உடன் வருகிறது. அறிவியல் ஒரு விடை சொன்ன பிறகும் மக்கள் மனம் அதை ஏன் ஏற்கவில்லை? இதற்கான பதில் ஆய்வுக்கூடத்தில் இல்லை. மரணத்திற்கு முன் அந்த மாநிலத்தில் நிலவிய சூழலிலும், மரணத்திற்குப் பின் முதல் சில நாட்களில் அரசு அமைப்புகள் நடந்துகொள்ளும் முறையிலும்தான் அது இருக்கிறது.

அன்று நடந்தது என்ன?

அக்ஷய் சிங் தனது செய்திக் குழுவினருடன் மேக்நகர் சென்றதன் நோக்கம், உயிரிழந்த ஒரு மருத்துவ மாணவியின் பெற்றோரைச் சந்திப்பது. இந்தூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த அந்த மாணவியின் உடல், 2012 ஜனவரியில் உஜ்ஜைன் மாவட்டத்தில் ரயில் தண்டவாளம் அருகே கண்டெடுக்கப்பட்டது. பின்னாளில் வியாபம் விவகாரத்தில் அவருடைய பெயரும் பேசப்பட்டது. மகள் கொல்லப்பட்டார் என்பது பெற்றோரின் உறுதியான நம்பிக்கை. தற்கொலை என்று காவல்துறை வழக்கை முடித்திருந்தது.

பேட்டி முடிந்ததும், குடும்பத்தினரிடமிருந்த நீதிமன்ற மற்றும் மருத்துவ ஆவணங்களை நகலெடுக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அந்த இடைவெளியில் தேநீர் வழங்கப்பட்டதாக உடனிருந்தவர்கள் கூறினர். திடீரென அக்ஷய் சிங்கின் உடல் நடுங்கி, வாயில் நுரை தோன்றியது. உள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், அங்கிருந்து மாநில எல்லையைத் தாண்டி குஜராத்தின் தாஹோத் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு அவர் இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர். தாஹோதில் உடற்கூறாய்வு நடந்தது. உள்ளுறுப்பு மாதிரிகள் பரிசோதனைக்காக டெல்லிக்கு அனுப்பப்பட்டன.

சம்பவம் ஒரு மாநிலத்தில், மரண அறிவிப்பும் உடற்கூறாய்வும் இன்னொரு மாநிலத்தில், ஆய்வு தலைநகரில். இந்த மூன்று இடங்களுக்கும் இடையே தகவல்கள் துண்டு துண்டாகவே வெளிவந்தன. அந்தத் துண்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்பின.

மூன்று நாள், மூன்று மரணம்

சந்தேகம் வெறுங்காற்றில் பிறந்ததல்ல. மத்தியப் பிரதேசத் தொழில்முறைத் தேர்வு வாரியத்தின் இந்திப் பெயர்ச் சுருக்கமே வியாபம். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முதல் காவலர், ஆசிரியர், வனக் காவலர் பணிகளுக்கான தேர்வுகள் வரை நடத்தியது இந்த வாரியம். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் தேர்வெழுதுவது, விடைத்தாளை வெற்றாக விட்டுவிட்டுப் பின்னர் நிரப்பச் செய்வது, விடை எழுதிக்கொடுப்பவரின் அருகில் தேர்வர் அமரும்படி இருக்கை எண்களை மாற்றியமைப்பது எனப் பல வழிகளில் முறைகேடு நடந்தது. 2013 ஜூலையில் இந்தூரில் ஆள்மாறாட்டம் செய்ய வந்தவர்கள் பிடிபட்டதைத் தொடர்ந்து இதன் முழுப் பரப்பும் வெளிப்படத் தொடங்கியது. சுமார் 2,000 பேர் கைது செய்யப்பட்டனர். முன்னாள் அமைச்சர் ஒருவரும் சிறை சென்றார். மாநில ஆளுநரின் பெயரே முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றது. பதவிக்குரிய அரசமைப்புப் பாதுகாப்பைக் காட்டி உயர் நீதிமன்றம் பின்னர் அதை நீக்கியது.

இந்த விசாரணை நடந்து வந்த ஆண்டுகளில், குற்றம் சாட்டப்பட்டோர், சாட்சிகள், தொடர்புடையோர் எனப் பலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். சாலை விபத்து, தற்கொலை, திடீர் உடல்நலக் குறைவு எனக் காரணங்கள் வேறுபட்டன. உயர் நீதிமன்றக் கண்காணிப்பில் இயங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழு, இயற்கைக்கு மாறான மரணங்கள் 20-க்கும் அதிகம் எனக் கணக்கிட்டது. எதிர்க்கட்சிகளும் ஊடகங்களும் 40-க்கும் மேல் என்றன.

அக்ஷய் சிங் இறந்த மறுநாள், ஜபல்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல்வர் டெல்லி விமான நிலையம் அருகே ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார். அதே கல்லூரியில் அவருக்கு முன் முதல்வராக இருந்தவர், சரியாக ஓராண்டுக்கு முன் தீக்காயங்களால் இறந்திருந்தார். அதற்கும் மறுநாள், பயிற்சியில் இருந்த பெண் காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் உடல் சாகர் நகரில் ஏரியிலிருந்து மீட்கப்பட்டது. மூன்று நாட்களில் மூன்று மரணங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று அதிகாரிகள் எவ்வளவு கூறினாலும், நாடு முழுவதும் அவற்றை ஒரே சங்கிலியின் கண்ணிகளாகவே பார்த்தது.

ஜூலை 7 அன்று, சிபிஐ விசாரணை கோரி உயர் நீதிமன்றத்தை அணுகப்போவதாக முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் அறிவித்தார். ஜூலை 9 அன்று, தலைமை நீதிபதி எச்.எல். தத்து தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, முறைகேடு தொடர்பான வழக்குகளுடன் அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்களையும் சிபிஐயிடம் ஒப்படைத்தது. ஆண்டுக்கணக்கில் எழுந்து வந்த கோரிக்கை, ஒரு செய்தியாளரின் மரணத்திற்குப் பிறகு ஐந்தே நாட்களில் நிறைவேறியது.

நுரை சொல்வதும் சொல்லாததும்

பொதுமக்கள் மனத்தில் பதிந்துபோனது வாயில் தள்ளிய அந்த நுரை. திரைப்படங்களிலும் பேச்சு வழக்கிலும் வாயில் நுரை என்றால் விஷம் என்றே பொருள். பூச்சிக்கொல்லி விஷ மரணங்கள் மிகுந்த நாட்டில் இந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் மருத்துவம் இவ்வளவு எளிதாக முடிவுகட்டுவதில்லை.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடலுக்குள் சென்றால் நுரை தள்ளும் என்பது உண்மை. அதே வேளையில், இதயம் திடீரென செயலிழக்கும்போது நுரையீரலில் நீர் கோத்து, அது காற்றுடன் கலந்து நுரையாக வெளிவருவதும் உண்டு. வலிப்பு வந்தவரின் வாயிலும் நுரை தோன்றும். எனவே நுரை என்பது விசாரணையின் தொடக்கப்புள்ளி மட்டுமே. அதை வைத்து விஷம் என்று அறிவிப்பதும் தவறு. விஷம் இல்லை என்று ஒதுக்குவதும் தவறு.

இளம் வயதில், வெளிப்பார்வைக்கு நலமாக இருப்பவர்களும் திடீர் இதயச் செயலிழப்பால் இறப்பதுண்டு. இதயத் தசை தடித்துப்போதல், இரத்தக் குழாய் அடைப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதல் ஆகியவை எந்த முன்னறிவிப்பும் இன்றி உயிரைப் பறிக்கக்கூடியவை. இவற்றில் சிலவற்றைப் பிரேதப் பரிசோதனையின்போது கண்ணால் காண முடியும். சிலவற்றை நுண்ணோக்கியில்தான் காண முடியும். துடிப்புக் கோளாறு சில வேளைகளில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை.

இங்கேதான் முதல் நாளின் முக்கியத்துவம் தெரிகிறது. இரைப்பை, அதிலுள்ள உணவு, சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகள் விஷப் பரிசோதனைக்காகப் பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் பாதுகாக்கப்படுகின்றன. இதயத்தின் பகுதிகளோ நுண்ணோக்கி ஆய்வுக்காக ஃபார்மலினில் வைக்கப்பட வேண்டும். ஃபார்மலினில் வைத்த உறுப்பில் பின்னர் விஷத்தைத் தேடுவது கடினம். எந்த உறுப்பு எந்தக் கரைசலில் செல்கிறது, இரத்த மாதிரி தனியே எடுக்கப்பட்டதா, முத்திரை சரியாக இடப்பட்டதா, எத்தனை நாளில் ஆய்வுக்கூடத்தை அடைந்தது என்பவையெல்லாம் முதல் மேசையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அங்கு நேரும் பிழையை எவ்வளவு உயர்ந்த ஆய்வுக்கூடத்தாலும் பிற்பாடு திருத்த முடியாது.

உடலுக்கு வெளியே உள்ள சான்றுகளுக்கும் இது பொருந்தும். இறந்தவர் கடைசியாக எதை உண்டார், எதை அருந்தினார், அதே உணவை வேறு யார் உண்டனர், பாத்திரங்கள் எங்கே, கைப்பேசியும் குறிப்பேடும் யாரிடம் உள்ளன என்பன முதல் மணி நேரத்தின் கேள்விகள். ஒரு கோப்பை கழுவப்பட்டுவிட்டால், அதில் ஒன்றுமே இல்லை என்ற உண்மையைக்கூட நிறுவ முடியாமல் போய்விடும்.

விடை வந்தது, நம்பிக்கை வரவில்லை

அக்ஷய் சிங்கின் மரணத்தில் விஷம் கண்டறியப்படவில்லை என்ற மருத்துவக் கருத்தை மறுக்கும் சான்று எதுவும் இதுவரை பொதுவெளியில் வந்ததில்லை. அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும். வியாபம் தொடர்புடைய பிற மரணங்களிலும் பெரும்பாலானவற்றில் திட்டமிட்ட சதியை சிபிஐ நிறுவவில்லை. ஆயிரக்கணக்கானோர் சிக்கிய ஒரு விவகாரத்தில், பல ஆண்டுகளில் சிலர் இயல்பாகவும் விபத்திலும் இறப்பது எதிர்பார்க்கக்கூடியதே என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இறந்தவர்கள் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதற்கு ஒரே காரணத்தைத் தேடும்போது, தற்செயலும் சதி போலத் தோன்றும்.

இருந்தும் நம்பிக்கை பிறக்கவில்லை. அதற்கான காரணத்தை அக்ஷய் சிங் தேடிச் சென்ற அந்த மாணவியின் வழக்கிலேயே காணலாம். அவருடைய உடலை முதலில் ஆய்வு செய்த மருத்துவர்கள் குழு, மூச்சை அடைத்ததால் ஏற்பட்ட மரணம் எனக் கருத்துத் தெரிவித்தது. அதன் பின்னர் பெறப்பட்ட மற்றொரு வல்லுநர் கருத்து தற்கொலை என்றது. இரண்டாவது கருத்தின் அடிப்படையில் காவல்துறை வழக்கை முடித்தது. செய்தியாளரின் மரணம் நாடு தழுவிய பேச்சானதும் அதே வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இறுதியில் சிபிஐயும் தற்கொலை என்ற முடிவுக்கே வந்தது.

சிபிஐயின் முடிவு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அதே உடலைப் பற்றி அரசு மருத்துவ அமைப்புகளே நேரெதிரான இரு கருத்துகளைத் தந்திருந்தன. ஒரு முறை மூடப்பட்ட கோப்பு, எந்தப் புதிய தடயத்தாலும் அல்லாமல், ஒரு செய்தியாளரின் மரணம் எழுப்பிய கொந்தளிப்பால் திறக்கப்பட்டது. இதைப் பார்த்த குடிமகன், அடுத்து வரும் அறிக்கையை எந்த அளவுக்கு நம்புவான்? அக்ஷய் சிங்கின் மரணத்தைச் சூழ்ந்த ஐயத்தின் வேர் இங்கே இருக்கிறது. விஷம் இருந்ததா இல்லையா என்பதைவிட, இல்லை என்று சொல்பவர்களை நம்பலாமா என்பதே மக்களின் கேள்வியாக இருந்தது.

ஊகத்திற்கும் விலை உண்டு

சந்தேகம் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. ஆனால் சந்தேகத்தைச் சான்றாக மாற்றும்போது அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ. மேக்நகரில் அந்த விலையைக் கொடுக்க நேர்ந்தது, ஏற்கெனவே மகளை இழந்து நீதிமன்றப் படியேறிக் கொண்டிருந்த ஒரு குடும்பம். அவர்கள் வீட்டு வாசலில் நிகழ்ந்த மரணம் என்பதாலேயே, அவர்கள் அளித்த தேநீரும் நாடெங்கும் விவாதப் பொருளானது. அந்தக் குடும்பத்தின் மீது எந்தக் குற்றமும் நிறுவப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

செய்தியாளரின் குடும்பத்திற்கும் இது வேறு வகையான துன்பம். இயற்கை மரணம் என்றால் துக்கம் அனுசரித்து மெல்ல ஆறுதல் அடையலாம். கொலை என்றால் நீதி கோரிப் போராடலாம். இரண்டுக்கும் நடுவே தொங்கும் மரணம் இரண்டையும் அனுமதிப்பதில்லை.

மூன்றாவது இழப்பு, இறந்தவர் எழுத நினைத்த செய்தி. மேக்நகருக்கு அக்ஷய் சிங் சென்றது ஓர் இளம்பெண்ணின் மரணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை தேடி. அந்தக் கேள்வி சில நாட்கள் பரபரப்பாகப் பேசப்பட்டு, பின்னர் அவருடைய சொந்த மரணத்தின் நிழலில் மறைந்துபோனது. செய்தியைத் தேடிச் சென்றவரே செய்தியாகிவிட்டால், முதல் செய்தியைத் தொடர ஆளில்லாமல் போகிறது.

மறுபுறம், ஐயங்களை ஏளனத்துடன் ஒதுக்குவதும் அதே அளவு தீங்கானது. விசாரணை தொடங்கும் முன்னரே இது மாரடைப்பு, இது விபத்து என்று பொறுப்பில் இருப்பவர்கள் அறிவிக்கும்போது, பின்னர் வரும் அறிவியல் முடிவும் முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்ப்பாகத் தோற்றமளிக்கிறது. உண்மையாகவே இயற்கையான மரணத்தைக்கூட இயற்கையானது என்று நம்ப வைக்க இயலாத நிலையை அந்த அவசரம் உருவாக்கிவிடுகிறது.

முதல் ஊகம் எப்போதும் சரியல்ல

மேக்நகருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நிகழ்ந்த சில மரணங்கள் இந்தச் சிக்கலின் வெவ்வேறு முகங்களைக் காட்டுகின்றன.

2018 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில், மணல் கொள்ளைக்கும் காவல் அதிகாரிக்கும் உள்ள தொடர்பை ரகசியப் பதிவின் மூலம் வெளிப்படுத்திய சந்தீப் சர்மா, இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதி உயிரிழந்தார். தனது உயிருக்கு ஆபத்து இருப்பதாக முன்பே அவர் மனு அளித்திருந்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால், அது மற்றொரு சாலை விபத்தாகவே பதிவேட்டில் இடம்பெற்றிருக்கக்கூடும்.

2021 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கரில் தொலைக்காட்சிச் செய்தியாளர் சுலப் ஸ்ரீவாஸ்தவா இறந்தார். சாராயக் கும்பலைப் பற்றிய செய்தியால் தனக்கு ஆபத்து இருப்பதாக உயர் காவல் அதிகாரிக்கு அவர் கடிதம் எழுதியது அதற்கு முந்தைய நாள். இருசக்கர வாகனம் அடிபம்பில் மோதிய விபத்து என்று காவல்துறை முதலில் கூறியது. குடும்பத்தினரின் புகாரைத் தொடர்ந்து கொலை வழக்கு பதிவு செய்யப்பட்டது.

2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் சுயாதீனச் செய்தியாளர் முகேஷ் சந்திராகர் காணாமல் போனார். சாலைப் பணி முறைகேட்டை வெளிக்கொணர்ந்தவர் அவர். இரண்டு நாட்களுக்குப் பின், ஓர் ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான இடத்தில், புதிதாகக் கான்கிரீட் பூசி மூடப்பட்ட கழிவுநீர்த் தொட்டியிலிருந்து அவர் உடல் மீட்கப்பட்டது. அங்கே சந்தேகத்திற்கே இடமில்லை; அது கொலை. சக செய்தியாளர்கள் அந்தப் புதுப் பூச்சைச் சுட்டிக்காட்டி விடாப்பிடியாகத் தேடச் சொன்னதே உண்மை வெளிவரக் காரணமாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் உத்தரகாண்டின் உத்தரகாசியில் சுயாதீனச் செய்தியாளர் ராஜீவ் பிரதாப் காணாமல் போய், பத்து நாட்களுக்குப் பின் ஜோஷியாரா தடுப்பணையில் சடலமாக மீட்கப்பட்டார். அவர் சென்ற கார் பாகீரதி ஆற்றில் கிடந்தது. மிரட்டல்கள் வந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். வாகனம் ஆற்றில் கவிழ்ந்த விபத்து என்ற முடிவைக் காவல்துறையின் சிறப்புக் குழு முன்வைத்தது.

ஒவ்வொரு முறையும் காவல்துறை ஒரு திசையிலும், குடும்பமும் சக செய்தியாளர்களும் எதிர்த்திசையிலும் நிற்கின்றனர். பீஜாப்பூரில் அச்சம் மெய்யானது. மேக்நகரில் விஷம் என்ற ஊகத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முன்கூட்டியே யார் பக்கம் உண்மை இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதே இவை தரும் பாடம். அதனால்தான் விசாரணை முறை, யாருடைய முதல் ஊகத்தையும் சார்ந்து நிற்கக் கூடாது.

உலக அளவில் செய்தியாளர் கொலைகளில் சுமார் 85 சதவீதம் தண்டனையின்றியே கழிகின்றன என்று யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தக் கணக்கில் வருவது கொலை என்று ஏற்கப்பட்டவை மட்டுமே. கொலையா இல்லையா என்பதே தெளிவாகாத மரணங்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

சட்டத்தில் உள்ள இடைவெளி

ஒருவர் சந்தேகத்திற்கிடமான முறையில் இறந்தால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படியும், 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படியும் காவல்துறை மரண விசாரணை நடத்துகிறது. பெரும்பாலும் உள்ளூர் காவல் நிலைய அதிகாரியே அதை மேற்கொள்கிறார். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்கு வர வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது. ஆனால் மரணம் குற்றமாகப் பதிவு செய்யப்பட்டால்தான் இந்த விதி நேரடியாகப் பொருந்தும். சந்தேக மரணம் என்ற நிலையிலேயே கோப்பு நிற்கும்போது, தடயவியல் குழு வருவது உள்ளூர் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வேறு சில மரணங்களுக்கு நம் நாட்டில் கடுமையான நடைமுறைகள் ஏற்கெனவே உள்ளன. காவலில் நிகழும் மரணங்களுக்கு நீதித்துறை நடுவரின் விசாரணை கட்டாயம். அவற்றின் உடற்கூறாய்வை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1990-களிலேயே வலியுறுத்தியது. காவல்துறை மோதல் மரணங்களை வேறு காவல் நிலையமோ சிஐடியோ விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் நெறிமுறைகள் வகுத்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. அதிகாரம் மிக்கவர்கள் மீது ஐயம் விழக்கூடிய மரணத்தை, அந்த அதிகாரத்தின் கீழ் உள்ளவர்களே விசாரிக்கக் கூடாது.

முறைகேட்டை விசாரித்துக் கொண்டிருந்த செய்தியாளரின் திடீர் மரணமும் இதே தன்மையுடையதுதான். ஆனால் அதற்கென்று தனி நடைமுறை இல்லை. மகாராஷ்டிராவும் சத்தீஸ்கரும் செய்தியாளர் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியுள்ளன. அவை தாக்குதல்களையும் மிரட்டல்களையும் பற்றியே பெரிதும் பேசுகின்றன. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

என்ன செய்ய முடியும்?

புதிய சட்டம் இல்லாமலேயே செய்யக்கூடியவை பல உள்ளன. செய்திப் பணியின்போதோ, மிரட்டல் குறித்துப் புகார் அளித்த பின்போ ஒரு செய்தியாளர் இறந்தால், முதல் நாளிலேயே நடுவர் முன்னிலையில் மரண விசாரணை தொடங்கலாம். மருத்துவர் குழுவைக் கொண்டு உடற்கூறாய்வு நடத்தி, அதை முழுமையாக வீடியோவில் பதிவு செய்யலாம். மாதிரிகளில் ஒரு பகுதியை இரண்டாவது பரிசோதனைக்கென முத்திரையிட்டு ஒதுக்கி வைக்கலாம். விசாரணையை அந்த மாவட்டக் காவல்துறைக்கு வெளியே உள்ள அதிகாரியிடம் ஒப்படைக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, முடிவுகளைக் காரணங்களுடன் வெளியிடலாம். விஷம் இல்லை என்ற ஒற்றை வரி போதாது. எந்தெந்த விஷங்களுக்காகச் சோதிக்கப்பட்டது, இதயத்தில் என்ன காணப்பட்டது, எந்த ஐயம் எந்தச் சான்றால் நீங்கியது என்பது குடும்பத்தினருக்கு எழுத்துபூர்வமாகவும், அவர்கள் ஒப்புதலுடன் பொதுமக்களுக்குச் சுருக்கமாகவும் சொல்லப்பட வேண்டும். சந்தேகம் எழுந்தபோது அது முதல் பக்கச் செய்தியானது. அதற்கான விடை மட்டும் ஏன் ஓசையின்றி வர வேண்டும்?

ஊடக நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. ஆபத்தான பணிக்கு அனுப்பும்போது, செய்தியாளர் யாரை எப்போது சந்திக்கிறார், எந்த ஆவணங்கள் அவரிடம் உள்ளன என்ற விவரம் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மிரட்டல்களை எழுத்தில் பதிவு செய்யும் வழக்கம் வேண்டும். இறந்தவரின் பணியை வேறு ஒருவர் தொடர்வார் என்ற உறுதி வேண்டும். செய்தியாளரை அகற்றினால் செய்தியும் அகன்றுவிடும் என்ற கணக்கு பொய்த்துப்போவதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. தாலுகா அளவில் மாதச் சம்பளமோ காப்பீடோ இன்றிப் பணியாற்றும் ஆயிரக்கணக்கான பகுதிநேரச் செய்தியாளர்களுக்கு இவற்றில் எதுவும் இன்று இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மேக்நகரில் எஞ்சியிருப்பது

வியாபம் விவகாரம் அதன் போக்கில் நகர்ந்தது. 2017 பிப்ரவரியில், முறைகேடாகச் சேர்ந்த 634 பேரின் மருத்துவப் படிப்புச் சேர்க்கையை ரத்து செய்தது செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 நவம்பரில், காவலர் தேர்வு முறைகேட்டில் 31 பேருக்கு போபால் சிபிஐ நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. தேர்வு வாரியத்தின் பெயரும் மாற்றப்பட்டு, இன்று அது ஊழியர் தேர்வு வாரியம் என்று அழைக்கப்படுகிறது.

பெயரை மாற்றுவது எளிது. ஒரு மரணத்தைச் சூழ்ந்த ஐயத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. அக்ஷய் சிங் இயற்கையாகவே இறந்திருக்கலாம். கிடைத்துள்ள மருத்துவச் சான்று அதையே சொல்கிறது. ஆனால் ஒரு செய்தியாளர் தேநீர் அருந்தியபடி சரிந்து விழுந்தார் என்றவுடன் நாடு முழுவதும் ஒரே நொடியில் கொலை என்று நினைத்ததே, அந்த முறைகேடு பொதுவாழ்வில் விளைவித்த சேதத்தின் அளவைக் காட்டும். அடுத்த முறை ஒரு செய்தியாளர் திடீரென இறக்கும்போது, அவருடைய குடும்பத்தினர் கேட்கப்போவதும் இதே கேள்வியைத்தான். முதல் நாளிலிருந்தே நேர்மையாக, வெளிப்படையாக நடக்கும் விசாரணை ஒன்றே அவர்களுக்கு, கொலை என்றாலும் இயற்கை மரணம் என்றாலும், நம்பத்தகுந்த பதிலைத் தர முடியும்.